ஊரடங்கு ஆண்டில் எகிறிய மீத்தேன்: ஈரநிலங்களைத் தேடிப்போன ஒரு நிகழ்வு ஆய்வு

2020ஆம் ஆண்டின் பெரும்பகுதி உலகம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தது. விமானங்கள் தரையிலேயே நின்றன, ஆலைகள் மூடிக்கிடந்தன, நெடுஞ்சாலைகள் வெறிச்சோடின. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிப்பதால் வரும் கார்பன் டை ஆக்சைடு அந்த ஓராண்டில் மட்டும் சுமார் 5 சதவீதம் சரிந்தது. பூமியைச் சூடாக்கும் இன்னொரு வாயுவான மீத்தேனும் கொஞ்சமாவது தணிந்திருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால், அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா ஆண்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது, காற்றில் மீத்தேன் சுமார் 15 பிபிபி கூடியிருந்தது. 1983இல் முறையான அளவீடு தொடங்கியதிலிருந்து அவ்வளவு பெரிய ஓராண்டு உயர்வு அதற்கு முன் பதிவானதில்லை. 2021இல் அதையும் தாண்டி சுமார் 18 பிபிபி கூடியது.

பிபிபி என்பது நூறு கோடி காற்று மூலக்கூறுகளில் எத்தனை மீத்தேன் மூலக்கூறுகள் என்ற கணக்கு. தொழிற்புரட்சிக்கு முன் இது 700 சொச்சமாக இருந்தது. இப்போது 1,900ஐத் தாண்டிவிட்டது. ஒரு பிபிபி கூட வேண்டுமானால் சுமார் 27 லட்சம் டன் மீத்தேன் காற்றில் தங்க வேண்டும். அப்படியானால் 2020இன் உயர்வு ஏறத்தாழ 4 கோடி டன். மனிதர்கள் ஓய்ந்திருந்த ஆண்டில் இவ்வளவு எங்கிருந்து வந்தது என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

இதைத் தனி நிகழ்வாக எடுத்துப் பேசக் காரணம் உண்டு. நிலமும் நீரும் மண்ணும் காலநிலை மாற்றத்துக்கு எப்படி மறுவினை காட்டும் என்பதைச் சோதனைக்கூடத்தில் உலக அளவில் நடத்திப் பார்க்க வழியில்லை. 2020 அப்படியொரு சோதனையைத் தானாகவே நடத்திக் காட்டியது. மனித நடமாட்டம் குறைந்ததால், அதுவரை அந்த இரைச்சலில் அமுங்கிக் கிடந்த இயற்கையின் பங்கு ஓரளவு தனியாகத் தெரிந்தது.

வரவு கூடியதா, செலவு குறைந்ததா

காற்றில் மீத்தேன் கூட இரண்டு வழிகள் இருக்கின்றன. உள்ளே வருவது கூடலாம். அல்லது வெளியேறுவது குறையலாம். முதலாவதைப் பற்றி மட்டும் பேசுவதே வழக்கம் என்பதால் இரண்டாவதை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும்.

மீத்தேன் காற்றில் சராசரியாக ஒன்பது ஆண்டுகள் இருக்கும். அதன் பெரும்பகுதியை அழிப்பது ஹைட்ராக்சில் என்னும் சிறு மூலக்கூறு. தோன்றி ஒரு நொடிக்குள் வினைபுரிந்து மறைந்துவிடும் அது, சூரிய ஒளி இருக்கும்வரை மறுபடி மறுபடி உருவாகிக்கொண்டே இருக்கும். அப்படி உருவாவதற்கு நைட்ரஜன் ஆக்சைடுகள் உதவுகின்றன. வண்டிப் புகையிலும் மின்நிலையப் புகையிலும் வரும் அதே ஆக்சைடுகள்தான். ஊரடங்கில் அந்தப் புகை குறைந்தது, அதனால் ஹைட்ராக்சிலும் குறைந்தது, விளைவாக மீத்தேன் வழக்கத்தைவிட மெதுவாக அழிந்தது. நகரங்களின் மூச்சை எளிதாக்கிய அதே தூய காற்று, மீத்தேனின் ஆயுளைச் சற்று நீட்டிவிட்டது.

எவ்வளவு நீட்டியது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பெய்ஜிங் பல்கலைக்கழகத்தின் ஷூஷி பெங் தலைமையிலான குழு 2022இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கணக்கின்படி, 2020இல் ஹைட்ராக்சில் சுமார் 1.6 சதவீதம் குறைந்தது. முந்தைய ஆண்டைவிட வளர்ச்சி கூடியதில் பாதிக்குச் சற்று மேல் இந்தக் குறைவால் வந்தது. மீதி, இயற்கை உமிழ்வின் உயர்வு. மனித உமிழ்வும் காட்டுத்தீயால் வருவதும் குறைந்தன, சதுப்பு போன்ற ஈரநிலங்களிலிருந்து வருவதோ 60 லட்சம் டன் கூடியது. ஜப்பானின் கோசாட் செயற்கைக்கோள் தரவை வைத்துக் கணக்கிட்ட இன்னொரு குழு ஹைட்ராக்சிலுக்குச் சிறு பங்கே கொடுத்தது. அவர்கள் பார்வையில் உயர்வின் மிகப் பெரும்பகுதி கூடுதல் உமிழ்வு. அந்தக் கூடுதலிலும் ஏறக்குறைய பாதி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது.

பங்கு பிரிப்பதில் வேறுபட்டாலும் இரண்டு ஆய்வுகளும் ஈரநிலங்களையே சுட்டின. தனித்தனி வழிகளில் போன இருவர் ஒரே வாசலில் வந்து நின்றால், அந்த வீட்டுக் கதவைத் தட்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

கார்பனின் கைரேகை

மூன்றாவது சாட்சி ஐசோடோப்பு. கார்பனில் எடை கூடிய வகை ஒன்றும் குறைந்த வகை ஒன்றும் உண்டு. நுண்ணுயிர்கள் உண்டாக்கும் மீத்தேனில் எடை குறைந்த கார்பன் அதிகம். நிலத்தடி எரிவாயுவிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் வருவதில் அவ்வளவு இருக்காது. மரமும் புல்லும் எரிந்து வருவதில் இன்னும் குறைவு.

தொழிற்புரட்சிக்குப் பின் இருநூறு ஆண்டுகளாகக் காற்றிலுள்ள மீத்தேனின் கார்பன் மெல்ல மெல்ல எடை கூடிக்கொண்டே வந்தது. படிம எரிபொருளின் காலம் அது. 1999 முதல் 2006 வரை மீத்தேன் அளவு ஏறக்குறைய நிலையாக நின்றது. 2007இல் மீண்டும் ஏறத் தொடங்கியபோது ஐசோடோப்பின் திசை தலைகீழாகத் திரும்பியது. காற்றிலுள்ள மீத்தேன் எடை குறைந்துகொண்டே போனது. 2020க்குப் பிந்தைய எகிறலில் இந்தச் சரிவு மேலும் வேகமெடுத்தது. கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வு, 2020 முதல் 2022 வரையிலான உயர்வுக்கு நுண்ணுயிர்களே முதன்மைக் காரணம் என்று சொன்னது.

ஒரு எச்சரிக்கை. நுண்ணுயிர் என்றால் சதுப்பு நிலம் மட்டுமே என்று ஆகிவிடாது. மாட்டின் இரைப்பை, நெல்வயல், குப்பைமேடு எல்லாவற்றிலும் அதே உயிரிகள்தான் வேலை செய்கின்றன, கைரேகையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் உலகத்தின் மாடுகளும் நெல்வயல்களும் ஓராண்டில் திடீரென்று அவ்வளவு பெருகிவிடாது. ஓராண்டில் பெருகக்கூடியது தண்ணீர்.

சேற்றுக்குள் நடப்பது

1776 நவம்பரில் இத்தாலியின் மஜோரே ஏரிக்கரையில், அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா கோலால் சேற்றைக் கிளறி, மேலெழுந்த குமிழிகளை நீர் நிரப்பிய குப்பியைக் கவிழ்த்துப் பிடித்தார். அந்தக் காற்றுக்கு நெருப்பு வைத்தபோது நீலச் சுடராக எரிந்தது. மீத்தேன் பற்றிய அறிவியல் இப்படி ஒரு ஏரிக்கரைச் சேற்றில்தான் தொடங்கியது. தேங்கிய குட்டையில் காலை வைத்தவுடன் கணுக்காலைச் சுற்றிக் குமிழி கிளம்புவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதே காற்றுதான்.

மண் நீரில் மூழ்கிய சில நாட்களிலேயே உள்ளே ஆக்ஸிஜன் தீர்ந்துவிடும். மேலிருந்து புதிதாக வரவும் வழியில்லை. நீர் வழியே ஆக்ஸிஜன் ஊடுருவும் வேகம் காற்று வழியே ஊடுருவுவதைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைவு. இலையும் வேரும் மட்கத்தான் வேண்டும். ஆக்ஸிஜன் இல்லாமல் மட்க, நுண்ணுயிர்கள் கைக்கு எட்டிய அடுத்த பொருளை எடுக்கின்றன. முதலில் நைட்ரேட், பிறகு மாங்கனீசு, இரும்பு, சல்பேட். அத்தனையும் தீர்ந்த பின்னரே மெத்தனோஜென் என்னும் மிகப் பழைய உயிரினத்தின் முறை வரும். அது பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா என்னும் தனி நுண்ணுயிர் வகை. அசிட்டேட்டைப் பிளந்தோ, ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்தோ மீத்தேன் உண்டாக்கி அதில் உயிர் வாழ்கிறது.

நிலம் எத்தனை நாள் தொடர்ந்து நனைந்திருக்கிறது என்பதற்கு இவ்வளவு முக்கியத்துவம் வருவது இதனால்தான். ஒரு வாரம் நின்று வடியும் வெள்ளத்தில் மெத்தனோஜென்னுக்கு வாய்ப்பு வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிடலாம். மாதக்கணக்கில் நிற்கும் வெள்ளத்தில் மற்ற எல்லோரும் பசியாறி விலகி, மேடை முழுவதும் அதன் கைக்கு வந்துவிடும். மழை எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்பதைவிட, நீர் எத்தனை நாள் வடியாமல் நின்றது என்பதே என் பார்வையில் சரியான கேள்வி. ஈரநில உமிழ்வைக் கணிக்கும் கணினி மாதிரிகள் ஒன்றோடொன்று முரண்படும் இடமும் பெரும்பாலும் இதுதான். எவ்வளவு பரப்பு, எத்தனை நாள் மூழ்கியிருந்தது என்பதில்தான் அவை பிரிகின்றன.

உண்டான மீத்தேன் அனைத்தும் காற்றைச் சேர்வதில்லை. மேலேறும் வழியில், ஆக்ஸிஜன் எட்டும் மெல்லிய மேலடுக்கில், அதை உண்டு வாழும் வேறு நுண்ணுயிர்கள் காத்திருக்கின்றன. மெதுவாக ஊறி வருவதில் பெரும்பங்கை அவை தின்றுவிடும். இந்தக் காவலைத் தாண்ட மீத்தேனுக்கு இரண்டு குறுக்கு வழிகள். ஒன்று குமிழி, ஒரே வீச்சில் மேலே வந்துவிடும். மற்றது செடி. கோரை, நாணல், பாப்பிரஸ் போன்றவை வேருக்கு ஆக்ஸிஜன் அனுப்பத் தண்டுக்குள் வெற்றுக் குழாய்களை வளர்த்து வைத்திருக்கின்றன. அதே குழாய் வழியே மீத்தேன் புகைபோக்கியில் போவதுபோல் மேலே போய்விடுகிறது. மரங்களும் இதைச் செய்கின்றன. அமேசான் வெள்ளச் சமவெளியின் மரத்தண்டுகளிலிருந்து மட்டும் ஆண்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு கோடி டன் வெளிவருவதாக 2017இல் வெளியான அளவீடு காட்டியது. அதுவரை அமேசானின் மீத்தேன் கணக்கில் மரத்தண்டுகள் பெரும்பாலும் விடுபட்டே இருந்தன.

வெப்பத்தின் வேலை இதற்கு மேல் வருகிறது. பல சூழலமைப்புகளின் அளவீடுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஆய்வின்படி, வெப்பநிலை 0 டிகிரியிலிருந்து 30 டிகிரி செல்சியஸுக்கு ஏறும்போது மீத்தேன் உமிழ்வு 57 மடங்கு பெருகுகிறது. ஒளிச்சேர்க்கையோ சுவாசமோ அந்த அளவுக்கு ஏறுவதில்லை. அதனால் வெப்பம் கூடக்கூட, நிலம் வெளியிடும் கார்பனில் மீத்தேனின் விகிதமும் கூடுகிறது. ஒரு டன் மீத்தேன் நூறு ஆண்டுக் கணக்கில் சுமார் 28 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம், இருபது ஆண்டுக் கணக்கில் 80க்கும் மேல். இந்த விகித மாற்றம் எனக்குக் கவலை தருகிறது. கார்பனின் மொத்த அளவு மாறாவிட்டாலும், வெளிவரும் வடிவம் மாறினாலே சூடு கூடிவிடும்.

விக்டோரியா ஏரியிலிருந்து சட் வரை

2019இன் இறுதியில் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி கிழக்கைவிட வழக்கத்துக்கு மாறாகச் சூடேறியது. இந்தியப் பெருங்கடல் இருமுனை என்று சொல்லப்படும் இந்த ஊசலாட்டம் அந்த ஆண்டு மிக வலுவாக இருந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் மழை கொட்டியது. 2020 மே மாதம் விக்டோரியா ஏரியின் நீர்மட்டம், 1964இல் பதிவான உச்சத்தைத் தாண்டியது. அங்கிருந்து கிளம்பிய நீர் வெள்ளை நைல் வழியே மாதக்கணக்கில் வடக்கே நகர்ந்து, தெற்குச் சூடானில் சட் என்னும் பெருஞ்சதுப்பில் பரவியது. அரபியில் அந்தப் பெயருக்குத் தடுப்பு என்று பொருள். ஆறு அங்கே கரை என்ற ஒன்றே இல்லாமல் பாப்பிரஸ் காட்டுக்குள் விரிந்துவிடும். உள்ளே போகும் நீரில் ஏறக்குறைய பாதி மறுபுறம் வராமல் ஆவியாகிப் போகிறது.

மீத்தேனுக்கு வேண்டிய எல்லாம் அங்கே ஒரே இடத்தில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் வெப்பம், தேங்கி நிற்கும் நன்னீர், வேகமாக வளர்ந்து வேகமாக மட்கும் பாப்பிரஸ், போதாததற்கு அதன் தண்டே புகைபோக்கி. 2010களிலேயே கோசாட் தரவில் சட் பகுதியின் உமிழ்வு கூடிவருவது தெரிந்திருந்தது. 2017இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் சென்டினல்-5பி செயற்கைக்கோளும் இதே பகுதியை மீத்தேன் செறிந்த இடமாகக் காட்டியது. 2019க்குப் பிறகு வெள்ளம் ஆண்டுதோறும் பரந்தது. 2020இல் தொடங்கிய லா நினா, அதாவது பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதி வழக்கத்தைவிடக் குளிரும் நிலை, 2023 தொடக்கம்வரை மூன்று குளிர்காலங்கள் நீடித்ததும் வெப்பமண்டலத்தின் பல ஈரநிலங்களை நனைத்தே வைத்திருந்தது. லா நினா விலகிய பிறகு மீத்தேன் வளர்ச்சி வேகமும் தணிந்தது. அதே காலத்தில் வண்டிகள் மறுபடி ஓடி ஹைட்ராக்சிலும் மீண்டதால், இரண்டின் பங்கையும் தனித்தனியே பிரிப்பது கடினம்.

இந்த நீரை வாயுக் கணக்காக மட்டும் பார்ப்பது நியாயமாகாது. தெற்குச் சூடானின் பென்டியு நகரம் 2021 முதல் நாற்புறமும் நீர் சூழ்ந்த தீவாகிவிட்டது. உள்நாட்டுப் போரில் இடம்பெயர்ந்து அங்கே தஞ்சமடைந்த மக்களை மண்ணால் எழுப்பிய கரைகள்தான் காத்தன. மேய்ச்சல் நிலம் மூழ்கி மாடுகள் செத்தன. உலகின் உமிழ்வில் தங்கள் பங்கு ஏறக்குறைய ஒன்றுமில்லாத அந்த மக்களின் வீட்டு வாசலில்தான் உலகத்தின் மீத்தேன் கணக்கு எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

சதுப்பை வடித்துவிட்டால் மீத்தேன் நின்றுவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. சட் சதுப்பைச் சுற்றிக்கொண்டு நைல் நீரை நேராக வடக்கே கொண்டுபோக ஜோங்லே கால்வாய் திட்டமிடப்பட்டது. 1978இல் தோண்டத் தொடங்கி, 360 கிலோமீட்டரில் சுமார் 240 கிலோமீட்டர் முடிந்த நிலையில் 1980களின் தொடக்கத்தில் போரால் நின்றுபோனது. அதன் நோக்கம் மீத்தேன் அல்ல, பாசன நீர். ஆனாலும் வடிப்பதன் விலையை அது யோசிக்க வைக்கிறது. மேய்ச்சல், மீன், பறவைகள், அந்தப் பகுதியின் ஈரப்பதம் எல்லாம் அந்த நீரோடு போய்விடும். மட்காத தாவரம் அடுக்கடுக்காகச் சேர்ந்த பீட் நிலங்களில் விலை இன்னும் அதிகம். வடித்தால் மீத்தேன் குறையும், ஆனால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த கார்பன் ஆக்ஸிஜனைச் சந்தித்து கார்பன் டை ஆக்சைடாகக் கரையத் தொடங்கும், காய்ந்த பீட்டில் தீப்பிடித்தால் வாரக்கணக்கில் அணையாது. ஈரநிலத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதை நான் ஏற்கமாட்டேன். அது காலங்காலமாகச் செய்துவந்ததையே செய்கிறது. அதன் மேல் பெய்யும் மழையும் வெயிலும்தான் மாறிவிட்டன.

வடக்கே உருகும் தரை

2020இல் கனடா, அலாஸ்கா பகுதிகளிலும் உமிழ்வு கூடியது கோசாட் ஆய்வில் தெரிந்தது. அங்கே முதல் காரணமாகக் கருதப்படுவது வெப்பம். அந்த ஜூன் 20ஆம் தேதி சைபீரியாவின் வெர்க்கோயான்ஸ்க்கில் 38 டிகிரி செல்சியஸ் பதிவானது, ஆர்க்டிக் வட்டத்துக்குள்.

வடக்கில் நடக்கப்போவதை முன்கூட்டியே காட்டும் இடங்கள் இரண்டைச் சொல்லலாம். அமெரிக்காவின் மின்னசோட்டாவில், ஒரு பீட் சதுப்பின் மேல் மரங்களோடு சேர்த்துக் கூரையில்லாத, ஒளி ஊடுருவும் சுவர் கொண்ட பெரிய கூண்டுகளை எழுப்பி, காற்றையும் மண்ணையும் 9 டிகிரிவரை சூடாக்கி 2015 முதல் பல ஆண்டுகள் கவனித்தார்கள். ஸ்ப்ரூஸ் என்பது அந்தச் சோதனையின் பெயர். சூடு ஏற ஏற மீத்தேன் கூடியது, அதுவும் கார்பன் டை ஆக்சைடைவிட வேகமாக. மற்றது வடக்கு ஸ்வீடனின் ஸ்டோர்டாலன். அங்கே உறைந்த மண் மேடுகள் உருகி அமிழ்ந்து, காய்ந்த பாசித் தரையாக இருந்தவை கோரை முளைத்த நீர்க்குட்டைகளாக மாறிக்கொண்டிருக்கின்றன. இரண்டடி தூரத்தில் இரண்டு உலகங்கள். மேட்டின்மேல் வாயுவை அளக்கும் பெட்டியைக் கவிழ்த்தால் மீத்தேன் ஏறக்குறைய இல்லை, அமிழ்ந்த பள்ளத்தில் கவிழ்த்தால் அளவி ஏறிக்கொண்டே போகிறது. இங்கும் கடைசியில் தீர்மானிப்பது நீரே. உருகிய நிலம் வடிந்து காய்ந்தால் ஒரு கதை, அமிழ்ந்து குளமானால் வேறு கதை.

வேறு சில மாற்றங்களும் சத்தமில்லாமல் இதே திசையில் தள்ளுகின்றன. காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடுவதால் செடிகள் கூடுதலாக வளர்ந்து, வேர் வழியே மெத்தனோஜென்னுக்குக் கூடுதல் உணவைக் கொடுக்கின்றன. அமில மழையில் வந்த சல்பேட் பல ஈரநிலங்களில் மீத்தேனை அடக்கி வைத்திருந்தது, கந்தகப் புகை குறையக் குறைய அந்தப் பிடி தளர்கிறது. மீத்தேனை உறிஞ்சும் காய்ந்த காட்டு மண்ணோ, நைட்ரஜன் உரம் படியும் இடங்களில் தன் உறிஞ்சும் திறனை இழக்கிறது.

கணக்கில் விட்டுப்போனது

2021இல் கிளாஸ்கோவில் நடந்த காலநிலை மாநாட்டில், 2030க்குள் மனித மீத்தேன் உமிழ்வை 2020 அளவிலிருந்து 30 சதவீதம் குறைப்பதென்று நாடுகள் உறுதி எடுத்தன. உலகில் ஆண்டுக்கு வெளியாகும் சுமார் 60 கோடி டன்னில் மனிதப் பங்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு. எனவே, அந்த உறுதி சரியான இடத்தில்தான் கைவைக்கிறது. ஆனால் மீதி மூன்றில் ஒரு பங்கு நிலையாக இருக்கும் என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. 2020 அந்த எண்ணத்தை உடைத்தது. எரிவாயுக் குழாய்க் கசிவை அடைத்து மிச்சப்படுத்தும் ஒரு பகுதியைச் சூடேறி நனைந்த ஈரநிலம் திருப்பிக் கொடுத்துவிடும் என்று வைத்துக்கொண்டுதான் இலக்குகளைப் போட வேண்டும். கசிவுகளை அடைக்கும் வேகம் கூட வேண்டும் என்பதே இதிலிருந்து வரும் முடிவு. ஈரநிலத்துக்கு மூடும் குழாய் கிடையாது.

இதற்கு அளவீடு வேண்டும். சதுப்பின் மேல் கம்பம் நட்டு, நொடிக்குப் பத்து முறை காற்றின் ஏற்ற இறக்கத்தையும் அதிலுள்ள மீத்தேனையும் சேர்த்துப் பதிவு செய்யும் கருவிகள் இருக்கின்றன. அவற்றின் தரவை ஒன்றுதிரட்டி 2021இல் வெளியான உலகத் தொகுப்பில் சுமார் 80 இடங்கள் இருந்தன. பெரும்பாலானவை வட அமெரிக்கா, ஐரோப்பா உள்ளிட்ட வடக்கு நிலங்களில். ஈரநில மீத்தேனில் பெரும்பகுதியை வெளியிடும் வெப்பமண்டலத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே கம்பங்கள் உண்டு. கம்பத்தை நட்டுவிட்டால் மட்டும் போதாது. மின்சாரம் வேண்டும், வெள்ளத்தில் படகு வேண்டும், பழுதானால் சரிசெய்ய அந்த ஊரிலேயே பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், பல ஆண்டுகளுக்குத் தொடர்ந்து சம்பளம் வேண்டும். செயற்கைக்கோள் மேகத்தை ஊடுருவிப் பார்க்காது, வெப்பமண்டலச் சதுப்பின் மேல் மழைக்காலம் முழுக்க மேகம்தான். உமிழ்வு உச்சத்துக்குப் போகும் அந்த மாதங்களில் கீழே, பாப்பிரஸ் நடுவே, ஒரு கருவி ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.